பத்துக் கட்டில் விதி

டேய், ஓசி டீய உறிஞ்சிக்கிட்டு அரசாங்கத்தைத் திட்டினது போதும். அஞ்சு நிமிஷம் வாயை மூடிக் கேளுங்க.

எங்க ஐயாவு மாமா கதிரறுப்பு மெஷின் ஓட்டுறவரு. போன அறுப்புல நெல்லோட வரப்பையும் சேர்த்து அறுத்துட்டாரு. ரெண்டு கண்ணுலயும் புரை. தைக்குள்ள ஆபரேஷன் ஆகலன்னா மெஷின் சாவி வேற ஆளு கைக்குப் போயிடும்.

திருத்துறைப்பூண்டியில பூர்ணிமா டாக்டரம்மா பகல் ஆஸ்பத்திரி வச்சிருக்காங்க. காலையில படுத்தா, மத்தியானம் கறுப்புக் கண்ணாடியோட வீட்டுக்கு. ஆனா காப்பீட்டு அட்டை அங்க செல்லணும்னா அங்கீகாரம் வேணும். ஆய்வுக்குக் காப்பீட்டு ஆபீஸ்லேருந்து அறிவுச்செல்வன் சார் எழுந்தருளினாரு.

"கட்டில் எத்தனை?"

"ரெண்டு சார். இருபது நிமிஷ ஆபரேஷன். ஒருத்தர் எழுந்தா அடுத்தவர் படுப்பாரு."

"விதிப்படி பத்து இருந்தாத்தான் ஆஸ்பத்திரி. ரெண்டு கட்டில் எங்க வீட்லயும் இருக்கும்மா."

மாமா மூஞ்சி தொங்கிப்போச்சு. நான்தான் பந்தல் கடை லியாகத் அலி பாய்கிட்ட எட்டுக் கட்டில் எடுத்தாந்து போட்டேன். விரிப்பு, கல்யாணப் பந்தல்ல மேல கட்டுற துணி.

மறுவாரம் சார் வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தாரு.

"வெறுங்கட்டில் கடையிலயும்தான் கெடக்கு. ஆள் படுத்தாத்தான் அது மருத்துவப் படுக்கை."

"அங்கீகாரம் குடுத்தாத்தானே சார் ஆள் வருவாங்க?"

"ஆள் வந்தாத்தானேம்மா அங்கீகாரம்? வெள்ளிக்கிழமை இறுதி ஆய்வு."

வெள்ளிக்கிழமை பத்துக் கட்டில்லயும் பத்துப் பேரு, படுத்துக் காட்டினா ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம்னு பேச்சு. ஒருத்தன் கால்ல கட்டு போட்டுக்கிட்டு வந்து படுக்குறான். கண்ணாஸ்பத்திரிடான்னா, "கால்லேருந்து ஏறிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்"ங்கிறான். சாருக்குப் பூரிப்பு. அந்த நேரம் பார்த்து மாமா, அட்டையும் கையுமா சுவரைத் தடவிக்கிட்டு உள்ள வந்தாரு.

"சார், எனக்கு எப்ப சார் ஆபரேஷன்?"

சார் சுத்திப் பார்த்தாரு. பேனாவை எடுத்தாரு. 'அனைத்துப் படுக்கைகளும் நிரம்பியுள்ளன. புதிய நோயாளியைச் சேர்க்க இடமில்லாத நிறுவனத்துக்கு அங்கீகாரம் வழங்க இயலாது. மறு ஆய்வு சித்திரையில்.'

"யாராவது ஒருத்தர எழுப்பிடலாம் சார்," டாக்டரம்மா கெஞ்சினாங்க.

"குணமாகாதவரை எழுப்ப விதி இல்லம்மா. அவங்களா எழுந்தா சரி."

'எனக்குச் சரியாயிடுச்சு சார்'னு ஒருத்தன் எழுந்திருந்தா அங்கீகாரம் கெடச்சிருக்கும். பிரியாணிப் பொட்டலம் கைக்கு வர்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு குறட்டை விட்டீங்களேடா, ஒம்பது பேரும்!

பத்தாவது கட்டில், ஃபேனுக்கு நேர் கீழ, நான். நானும் எழுந்திருக்கல. மாமா மெஷினை இப்ப ஓட்டுறவனும் நான்தான். நேத்து வரப்பையும் சேர்த்து அறுத்துட்டேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.