படகு நிற்கும் இடம்

"சிவப்பு லைஃப் ஜாக்கெட் இன்னும் காயல. மஞ்சளைப் போட்டுட்டுப் போங்க" என்றாள் முத்துவடிவு.

பரமேஸ்வரன் மஞ்சளை மாட்டிக்கொண்டு, பேட்டரிப் படகில் ஆறு பேரை ஏற்றிக் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தார். டிக்கெட் மேசையில் மனைவி தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுத்த நடைக்குப் போனார். திரும்பி வந்து தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, குற்றாலத்துச் சாரலில் மறுபடி படகை இறக்கினார். நான்காம் நாள் அது நடுக்குளத்தில் நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார். மறுநாள் அதற்கு முன்பே நின்றது. அதற்கடுத்த நாள் இன்னும் முன்பே. நிற்கும் இடம் தினம் கொஞ்சமாக டிக்கெட் மேசையை நெருங்கிக்கொண்டிருந்தது.

பரமேஸ்வரன் அந்தக் காலி மேசையையே பார்த்தார். 'கூப்பிட்டுப் பாக்காம ஃபேனைத் திருப்பிட்டுப் போனேன்லா. முத்துவுக்கு அந்தக் கோவம்.'

படகு விற்றவர்களோ, "பேட்டரி தளந்திருக்கும். புதுசு வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் படகுலயே ஒரு ஜெனரேட்டர் வச்சிக்கிடுங்க" என்றார்கள்.

தென்காசியில் ஜெனரேட்டர் விற்கும் ரிஃபாத்தின் கடைக்குப் போனார்.

"எத்தனை வாட்ஸ் வேணும் அண்ணாச்சி?"

"பயமில்லாம ஓடணும்."

"அந்த அளவுல இன்னும் எவனும் போடலையே! இந்தாங்க, சின்னது. சத்தமே கேக்காது."

நடுக்குளத்தில் படகின் சார்ஜரை மாட்டியதும் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.

"சத்தமே கேக்காதுன்னீரு. உண்மைதான்வே" என்று மறுநாள் கடையில் இறக்கி வைத்தார்.

"லோடு தாங்கல அண்ணாச்சி. பெருசாக் கொண்டுட்டுப் போங்க."

பெரியதைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. படகின் பின்பக்கம் வைத்ததும் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. சரிக்கட்ட எல்லோரையும் முன்னால் உட்காரவைத்தார். புகை அவர்கள் முகத்துக்கே போனது.

"அருவி பாக்க வந்தமா, ரைஸ் மில்லு பாக்க வந்தமா?" என்று ஆலங்குளத்து அம்மாள் ஒருத்தி இருமினாள்.

அதிர்வில் ஜெனரேட்டர் ஓரத்துக்கு நகர, படகும் அந்தப் பக்கமே சாய்ந்தது. தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. பரமேஸ்வரன் பாய்ந்து ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்தார். சூடு தாங்கவில்லை. விடவும் முடியவில்லை.

"முத்து, ஃபேனைத் திருப்பிட்டுப் போயிருக்கப்படாது! மன்னிச்சிரு! இவங்கள விட்டுரு!"

"படகுல ஃபேன் வேறயா? எங்கன?" என்றாள் ஆலங்குளத்தம்மாள்.

ஒரு வழியாக அதை நிறுத்தி, துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்.

சாயங்காலம், வழக்கம்போலச் படகின் சார்ஜர் பின்னைச் சுவர் பிளக்கில் சொருகிவிட்டுப் படகு ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி பிரசவத்துக்குச் சுரண்டை போயிருந்த வேலைக்காரி இசக்கிச்செல்வி அன்றுதான் மறுபடி பெருக்க வந்திருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி இப்படி இருக்கிய?"

"உங்க முத்து அக்காவுக்கு எம்மேல கோவம் தீரலட்டி. படகை ஓட விடமாட்டுக்கா."

இசக்கிச்செல்வி சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு என்ன கோவம்? நீங்க பின்னைச் சொருகிட்டு அந்தால போயிருவிய. தெனமும் பின்னாலேயே வந்து சுவிட்சைப் போடுதது அக்காதான். அது இன்னும் ஆஃப்லதான கெடக்கு!"