சுலபம் என்றீர்களே, மாப்பிள்ளை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியைப் பெற்றவள் பேனாவால் எழுதுவது. நான் நலம். என் முழங்கால் நலம். இந்த வீட்டில் கணினியைத் தவிர மற்ற எல்லாப் பொருள்களும் நலம். அங்கே நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது நான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்காக மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். "அத்தை, உங்க கம்ப்யூட்டர்ல பழசை எடுத்துட்டுப் புது சிஸ்டம் ஒண்ணு போட்டுத் தரேன். புதுசாக் கத்துக்கிறவங்களுக்குக்கூட ரொம்பச் சுலபம்" என்றீர்கள். செயலாளரே தாமதமாகப் போனால் அழகாக இருக்காதே என்று நானும் தலையை ஆட்டிவிட்டு மேலே போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. கழுவாத கோப்பை மட்டும் இருந்தது. மறுநாள் காலை கணினியைத் திறந்தால், "காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் காத்திருந்தேன். துணி துவைத்தேன், காயப்போட்டேன், அலமாரியைக்கூட அடுக்கி வைத்தேன். கடைசியில் திரை வந்தது. ஆனால் அது என் திரை இல்லை. இடது மூலையில் இருந்ததெல்லாம் நடுவில் வந்து நின்றது. நடுவில் இருந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் வைத்திருந்த பேத்தியின் படத்துக்குப் பதிலாக யாரோ ஒருவருடைய மலை. அணைக்கும் பொத்தானைத் தேடித் தேடி அலுத்துப்போய்க் கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள் நான். ஒரு நாள்கூட இயந்திரத்திடம் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.

எங்கள் லிஃப்ட் ஐந்து மாதமாக ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினீர்களே. ஆனால் நாலாவது மாடியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தையல் வேலை செய்கிற பெண் ஐந்து மாதமாகத் தரையை மிதிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. துணி கொடுக்க வருகிறவர்களும் மாடி ஏறப் பயந்து வேறு கடைக்குப் போகிறார்கள். கட்டடத்தைக் கட்டியவர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார். புதன்கிழமை மூன்று மணிக்கு வீட்டுவசதி அலுவலகத்தில் விசாரணை. மனுவைத் தயாரிக்க வேண்டிய பொறுப்பு என் தலையில்.

செவ்வாய்க்கிழமை மூன்று பக்கம் அடித்தேன். சேமித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மனுவைக் காணோம். கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, "எங்கம்மா சேவ் பண்ணீங்க?" என்றார்.

"கம்ப்யூட்டர்லதான்."

"கம்ப்யூட்டர்ல எங்க?"

"நீங்க பல்லைப் பிடுங்கி எங்க போட்டீங்கன்னு நான் கேக்கறேனா? வெச்ச இடத்துல இருக்கணும், அவ்வளவுதான்."

அவரும் தேடினார், கிடைக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடலாமே" என்றார். போட மாட்டேன் என்றேன். போட்டிருந்தால், "சுலபந்தான் அத்தை" என்று அதே குரலில் சொல்லியிருப்பீர்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அப்புறம் என் மகளுக்குத்தான் சங்கடம். ஆகவே முதல் எழுத்திலிருந்து திரும்ப அடித்தேன். இந்த முறை சேமிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. திரையிலேயே விட்டுவிட்டு, பூனை வந்து மிதிக்காமல் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு வீட்டுப் பிரிண்டரில் அச்சுக்குக் கொடுத்தேன். திரையில் மணிமணியாக இருந்த எழுத்து, தாளில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. மூன்று பக்கமும் கட்டம். பத்தி பிரித்தது சரி, ஓரம் விட்டது சரி, எழுத்து மட்டும் இல்லை. திரும்பக் கொடுத்தேன், திரும்பவும் கட்டம். கையால் எழுத நேரமில்லை. கட்டத்தையே எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அலுவலகத்தில் கட்டடக்காரர் ஒரு வக்கீலோடு, தங்க எழுத்துப் போட்ட கோப்போடு உட்கார்ந்திருந்தார். அதிகாரி என் தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாம் கட்டமா இருக்கு?"

"எங்க மாப்பிள்ளை புது சிஸ்டம் போட்டுட்டார் சார். நான் வாசிக்கிறேன், நீங்க கட்டத்தைப் பாத்துக்கிட்டே வாங்க."

வக்கீல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு தடவை அடித்த மனு, மாப்பிள்ளை. ஒரு கமா விடாமல் மனப்பாடமாக இருந்தது. முதல் பக்கம் முடிந்ததும் "அடுத்த பக்கம்" என்றேன், அதிகாரி தாளைத் திருப்பினார். தையல்காரப் பெண்ணைப் பற்றிய பத்தி வந்தபோது வக்கீல் குறுக்கே பேசப் பார்த்தார். "இருங்க சார், இன்னும் நாலு வரி இருக்கு" என்று அதிகாரி கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு அங்கே அழுகை வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. நான் முடித்ததும் அதிகாரி கட்டடக்காரரைப் பார்த்து, "பத்து நாள்ல லிஃப்ட் ஓடணும், இல்லைன்னா உங்க அடுத்த கட்டடத்துக்கு அனுமதி கிடையாது" என்றார். என் கட்டங்களின்மேல் முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார்கள்.

நேற்று ஆட்கள் வந்து லிஃப்டைச் சரிசெய்தார்கள். அந்தப் பெண் கீழே இறங்கி, வாசல் கேட்டைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தாள். யாரும் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதனால் வென்றது நான். உங்கள் சிஸ்டம் இல்லை. தொடங்குகிறவர்களுக்குச் சுலபம் என்றீர்கள். இருக்கலாம். அவர்களுக்கு எதையும் மறக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் ஆறு வருடம் பழகியவள். நான் முதலில் மறக்க வேண்டும், பிறகு தொடங்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மனுவும் அடிக்க வேண்டும். எனக்குத் தலை நரைத்ததால் வந்த கஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது, அவராலும் முடியவில்லை. என் பழைய சிஸ்டத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. என்னைக் கேட்காமல் எதையும் நகர்த்தாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களுடையதை எடுத்துவிட்டு, பழையதை இருந்தபடியே போட்டுத் தர வேண்டும். இது வேண்டுகோள் அல்ல.

என் மகளுக்கு அன்பு. பேத்திக்கு முத்தங்கள். உங்களுக்கு, மாமியார் என்ற முறையில் தர வேண்டிய ஆசிகள் மட்டும்.

இப்படிக்கு,
அத்தை

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் உங்கள் மனைவி ஃபோனில் பேசினாள். "அம்மா, அவர் அன்னைக்கு எதுவுமே போடலை. சிஸ்டம் இருக்குன்னு நெனச்சு எடுத்துட்டு வந்த பென்டிரைவ்ல எங்க கல்யாண வீடியோதான் இருந்துச்சாம். உன்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஓடி வந்துட்டார்" என்றாள். டாக்டரம்மாவும் வந்து பார்த்துவிட்டு, இது பழைய சிஸ்டமேதான், அதுவாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டுவிட்டது என்கிறார். எழுதியதில் ஒரு வரியையும் அழிக்க மாட்டேன். திட்டெல்லாம் அதற்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழுவாத கோப்பை மட்டும் உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை சரியான பென்டிரைவோடு வந்து, இந்தப் பழையதைத் துரத்திவிட்டு உங்கள் புதியதைப் போடுங்கள். கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை. யாரைத் திட்டுவது என்ற குழப்பமாவது இருக்காது.