வெண்பூச்சுக்கு முகம் கொடுத்த வெங்கிடேஷ்

கொச்சி மட்டாஞ்சேரியின் மேல் எரியும் மாசித் திங்கள் ஞாயிறே, சற்றே ஒதுங்கி நில்! வருகிறான் சுள்ளிக்கல் ஈன்ற செம்மல், ஜூ டவுன் பழம்பொருட்கடையின் வாயிற்காவலன், கடந்துபோகும் வெள்ளைக்காரரைக் கண்ணசைவால் மடக்கி உள்ளே தள்ளும் வித்தகன், வெங்கிடேஷ்! நான்காண்டு நடுத்தெருவில் நின்று கூவியதில் சட்டைக்கு உள்ளே ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமுமாக ஆகிப்போன பெருமகன் அவன்.

அன்று பதினொரு மணிக்கு ஆலுவாவிலிருந்து, அவனுக்குப் பார்த்திருக்கும் பெண் அம்ருதா, தன் மாமாவுடன் வருகிறாள். பொருள் வாங்குபவர்போல் நுழைந்து, மாப்பிள்ளையை அவனறியாமல் பார்த்துப்போவது அவர்கள் வகுத்த வியூகம். தரகர் வாய் சும்மா இருக்குமா? முந்தாநாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் போட்டோவைப் பார்த்த நாள்முதல் அவனுக்குச் சாயாகூட இறங்கவில்லை, பாவம்.

ஆகவே பத்து மணிக்கு, 'இரசாயனம் தீண்டாதது, இயற்கைத் தாதுவால் ஆனது' என்று மார்தட்டிய சன்ஸ்கிரீன் குழாயை ஏந்தி, "கதிரவனே, இன்று உன் ஆட்டம் செல்லாது!" என்று கடைக்கண்ணாடி முன் சூளுரைத்து, வலக்கன்னத்தில் ஓரணி, இடக்கன்னத்தில் ஓரணி, நெற்றியில் பெருஞ்சேனை என நிறுத்தினான்.

அந்தோ, அந்த இயற்கைத் தாதுவாகிய துத்தநாகம் அசையவில்லை. தேய்த்தால் பரவியது, பரவியதேயன்றி மறையவில்லை. சுண்ணாம்படித்த சுவர்போல் முகம் வெளுத்தது. புருவம் நரைத்தது. பெருகிய வியர்வையாறு பூச்சைப் பிளந்து, கண்ணைக் கரிக்கவைத்து, இதற்கென்றே வாங்கிய கறுப்புச் சட்டையின் காலரை வெள்ளையாக்கியது. குழாயடிக்கு ஓடி நீரை வாரி இறைத்தான். நீர் முத்துமுத்தாய் உருண்டோடியது, பூச்சு நின்றது. துண்டால் துடைத்தான், துண்டின் நூலெல்லாம் தாடையில் குடியேறிற்று.

இதற்குள் தெருவில் கூட்டம். மாலையில் ஆடவேண்டிய கதகளிக்காரர் பகலிலேயே வேஷம் கட்டத் தொடங்கிவிட்டாரென்று எண்ணிய ஒரு ஜெர்மானியப் பெண்மணி கைகூப்பிப் படமெடுத்தாள். அவள் பின்னே பதினான்கு பேர் வரிசை கட்டினர். கடை முதலாளி யூசுப் வாசலுக்கு வந்து பார்த்து, "எடா வெங்கிடேஷே, கழுவ வேண்டாம்டா! அப்படியே நில்லு, ஆள் கூடுது!" என்று ஆணையிட்டார்.

சோறு போடும் கையின் ஆணை. மார் நிமிர்த்தி நின்றான் வீரன். பதினொன்று அடித்தது. வரிசையின் கடைசியில், மஞ்சள் சுரிதாரில், போட்டோவைவிட அழகாக, மாமாவுடன் அம்ருதா.

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல வேஷம்" என்று பாராட்டிவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு கேட்டாள்: "சேட்டா, இங்க வெங்கிடேஷ்னு ஒருத்தர் வேலை பாக்கறாராமே... அவர் வரலையா?"

அண்டங்கள் அதிர்ந்தன, ஏழு கடலும் மூச்சடக்கின, பெரும்போரின் முடிவு அந்த வெள்ளை உதடுகளில் தொங்கியது.

"அவர் இன்னிக்கு லீவு" என்றான் வெங்கிடேஷ்.