மூன்று டயட்டுக்கும் பொதுவான சீஸ் குச்சி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இங்கும் எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அருமைத் தங்கை மாவுச்சத்தை விட்டுவிட்டாள். விட்டவள் என்னைச் சும்மா விட்டாளா? "சோறுதாங்க விஷம். பசிச்சா இதைச் சாப்பிடுங்க, மாவுச்சத்தே கிடையாது" என்று விரல் நீளத்தில் ஒரு சீஸ் குச்சியைக் கொடுத்தாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, நார் நாராக உரித்துத் தின்ன வேண்டும். ரப்பர் மாதிரிதான் இருந்தது, ஆனால் உப்பு இருந்ததே என்று தின்றுவைத்தேன். ஜிம்மிலிருந்து வந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்களும் புரோட்டீன் டயட்டுக்கு வந்துட்டீங்களா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனை வருஷமாச்சு மச்சான்! இல்லைன்னு சொல்ல வாய் வருமா? தலையாட்டினேன். உடனே இன்னொரு குச்சி. மகளோ பட்டினி டயட். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர், பொழுது சாய்ந்தால் வாய்க்குப் பூட்டு. அவளும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்குத் துணைக்கு யாருமே இல்லப்பா, நீங்களாவது கூட இருங்க" என்று கண்ணைக் கசக்கினாள். பெற்ற மனசு கேட்குமா? சேர்ந்தேன். மத்தியானம் பட்டினியை முடிக்க என்ன கொடுத்தாள் என்கிறீர்கள்? அதே குச்சி! ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் என்று மூன்று கட்சியிலும் இப்போது நான் உறுப்பினன். ரயிலில் டிக்கெட் இல்லாதவனையெல்லாம் பிடித்து இறக்கிவிட்டுச் சம்பாதித்தவன், ஒரே சீட்டுக்கு மூன்று டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். மாடி வீட்டுக்காரர் பால் பொருளையே தொடாத டயட்; அவர் ஒருத்தர்தான் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, மகராசன் நல்லா இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எடை மெஷினை வைத்து, எல்லோர் முன்னாலும் என்னை ஏற்றப் போகிறார்கள். மூன்று பேரிடமும் வாங்கித் தின்ற உடம்பு, ஏறாமல் இருக்குமா? "வேற என்னத்தத் தின்னீங்க?" என்று உங்கள் தங்கை ஆரம்பிப்பாள், பிள்ளைகள் ஆளுக்கொரு சாட்சி சொல்லும், என் குட்டு உடைந்துவிடும். அப்புறம் மகன் முகத்தில் எப்படி முழிப்பேன்? அதனால் தயவுசெய்து கடிதம் கிடைத்ததுமே உங்கள் தங்கைக்கு ஒரு போன் போட்டு, உங்களுக்கு உடம்பு சரியில்லை, என்னை அனுப்பிவை என்று சொல்லிவிடுங்கள். வந்தால் சுடுசோறு போதும், தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. அக்காவின் கைமணத்துக்கு என் நமஸ்காரம்.

தங்களையே நம்பியிருக்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பயம் தாங்காமல் நானே மெஷினில் ஏறிப் பார்த்தேன். இளைத்திருக்கிறேன் மச்சான்! சோறு அவளுக்கு ஆகாது, பொரித்தது அவனுக்கு ஆகாது, பொழுது சாய்ந்தால் எதுவுமே மகளுக்கு ஆகாது. மூன்று பேர் மனசும் கோணாமல் நடந்ததில், அந்தக் குச்சியைத் தவிர நான் ஒன்றுமே தின்றிருக்கவில்லை. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் ஓடிவந்தார்கள், குட்டும் உடைந்தது. திட்டுவார்கள் என்று பார்த்தால், "என் டயட்தான்! என் டயட்தான்!" என்று என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆயுசுக்கும் இப்படியே இருக்க வேண்டுமாம். "அண்ணன் வீட்டுக்கா? அங்க சோத்தைப் போட்டுக் கெடுத்துருவாங்க" என்று உங்கள் தங்கை நான் கட்டிவைத்திருந்த பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். எனவே போன் போட வேண்டாம். எடை மட்டும் ஏறியிருந்தால் நாலு திட்டு விழுந்திருக்கும், தட்டில் சோறும் விழுந்திருக்கும்.