ரோஜாவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச்

பரிசோதனை நாள் உத்தமர் என்றோர் இனம் உண்டு. சட்டத்தின் மேல் இவர்களுக்குப் பகையே கிடையாது. மரியாதை உண்டு, ஒரே ஒரு நாள்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் தெருவில், பக்கத்து வீட்டு வெர்லின் ஸ்டக்கியைப் பாருங்கள். வீட்டின் மின் இணைப்பைப் புதுப்பித்தால், மொத்தக் கரண்டையும் நிறுத்தும் அவசரச் சுவிட்ச் வெளிச்சுவரில், கைக்கெட்டும் இடத்தில், பெயர் பளிச்சென்று தெரிய இருக்கவேண்டும் என்பது விதி. வைத்தார். சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. இன்ஸ்பெக்டர் வந்த அன்று சுவரைக் கழுவி, புல்லை வெட்டி, காபி கொடுத்து, விதியை எண்ணோடு ஒப்பித்து, "தீயணைப்புக்காரங்க உயிர்தான் சார் முக்கியம்" என்று கண்ணும் கலங்கினார். இன்ஸ்பெக்டரின் வண்டி முனை திரும்பியது.

அப்புறம்? சிவப்பு கண்ணை உறுத்துகிறதாம். பெட்டி, பட்டை எல்லாவற்றுக்கும் சுவரின் வெளிர்மஞ்சளை அடித்தார். முன்னால் மரச்சட்டம் நட்டு ரோஜாக்கொடி ஏற்றினார். போதாததற்குப் பூட்டு.

"பூட்டு எதுக்குய்யா?" என்றேன்.

"எவனாவது விடலைப் பய அணைச்சுட்டுப் போயிட்டா? ஃப்ரீசர்ல வேட்டையாடின ஒரு முழு மான் கிடக்குய்யா!"

மூன்று வருடம் ரோஜா பூத்தது. போன ஏப்ரலில், ஒரு சனிக்கிழமைக் காலை, மழையில் அவர்கள் பேஸ்மென்ட்டில் முழங்கால் அளவு தண்ணீர். வாஷிங் மெஷின்மேல் ஏறி நின்று வாஃபிள் ஊளையிட்டது. வாஃபிள் அவர்களுடைய கிழட்டு நாய். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. வெர்லினின் மனைவி டார்லா அதைத் தூக்கப் படியிறங்கினாள்.

"கால வைக்காதே டார்லா! தண்ணிக்குள்ள ஒயர் கிடக்கு!"

"அப்ப போய் வெளிய கரண்ட்ட நிறுத்து!"

"சாவி வேணுமே."

"எங்க சாவி?"

வெர்லின் படியிலிருந்து கீழே பார்த்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஃப்ரீசருக்கு மேலே, ஆணியில் சாவி மினுமினுத்தது.

"உன்னோட முப்பது வருஷம் குப்பை கொட்டுனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள் டார்லா.

தீயணைப்பு வண்டி வந்தது. கேப்டன் இமோஜின் பிராட் வீட்டை இரண்டு முறை சுற்றினாள்.

"சுவிட்ச் எங்க சார்?"

"ரோஜாவுக்குப் பின்னாடி."

அவள் கத்தரியை எடுத்தாள். "கொஞ்சம் பாத்து வெட்டுங்க மேடம், நல்ல சாதிச் செடி..." என்று இழுத்தார் வெர்லின்.

அப்போது உள்ளே ஊளை நின்றது.

"வாஃபிள்!" டார்லா கத்தினாள்.

வெர்லின் வெறும் கையால் ரோஜாவைப் பிய்த்து எறிந்தார், முள்ளோடு. பூட்டு உடைந்தது, சுவிட்ச் இறங்கியது, டார்லா தண்ணீரில் குதித்தாள். வாஃபிள் அலமாரியிலிருந்து பிஸ்கட் பையை இழுத்து, வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் மறுபரிசோதனை. கழுவிய சுவர், புதிய சிவப்புப் பட்டை, காபி. "உயிர்தான் சார் முக்கியம்" என்றார் வெர்லின், கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்து. இந்த முறை மனதார.

நேற்று பார்த்தேன். பட்டைக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி. செடி இன்னும் வைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டில் அந்த வேலையெல்லாம் இல்லை. சுவிட்சுக்கு முன்னால் நிற்பது கறி சுடும் கரி அடுப்பு மட்டும்தான், அதற்குச் சக்கரம் உண்டு. நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் அண்ணாந்து உங்கள் வீட்டில் புகை வந்தால் அலறும் புகைமணியைப் பாருங்கள். அதன் பேட்டரிதானே இப்போது டிவி ரிமோட்டில் இருக்கிறது?