இலவம்பஞ்சு சைலன்சர்

என் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் நான்கு நாள் அலைந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அது ஒரு பொம்மை ஏரோப்ளேனுக்கான சைலன்சர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கத்தரிக்காய் பொறுக்கக்கூட என்னை விடுவதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் மூன்று மாதம் கணக்கெழுதினேன். (நான்காவது மாதம் அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.) சீமைக்குத் திரும்பிய துரை, தன் விளையாட்டு விமானத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். என்ஜின் எலுமிச்சம்பழ அளவுதான். மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கிய ஈதர் மூன்றையும் கலந்து ஊற்றினால், லோடு ஏற்றிய லாரி மேடேறுவதுபோல் கத்தும். இரண்டு மெல்லிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் சுழல, அது என்னைச் சுற்றிப் பறக்கும்.

வேலை போய் போடிக்கு இறங்கி வந்து அதைப் பறக்கவிட்டேன். அந்தச் சத்தத்தில் தாய்மாமன் வீட்டு எருமை பால் கொடுப்பதை நிறுத்தியது. மாமாவுக்குப் போடியில் இலவம்பஞ்சு வியாபாரம். அவர் மகள் வேலுத்தாய் எனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. ஆனால் வேலையில்லாதவனுக்கு, அதுவும் எருமையைக் கெடுத்தவனுக்கு, யார் பெண் கொடுப்பார்கள்? வெள்ளிக்கிழமை சிலமலையிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகத் தகவல் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தச் சனியன் சத்தமில்லாமப் பறந்துச்சுன்னா ஒனக்கும் ஏதோ தொழில் தெரியும்னு நம்புறேன்" என்றார் மாமா. "வியாழக்கெழம காட்டு."

உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். என்ஜினின் புகைவாயில் பல்பொடி டப்பாவைப் பொருத்தினேன், உதறித் தள்ளியது. தைல டப்பா சூட்டில் ஈயப் பற்று விட்டு விழுந்தது. கடைசியில் சைக்கிள் கடை அண்ணன் பழைய பம்பிலிருந்து ஒரு துண்டுக் குழாய் வெட்டிக் கொடுத்தார்.

"வெறுங்கொழா பத்தாது அப்பு. உள்ள கம்பிச் சுருள் வெக்கணும். சாயங்காலம் வா, செஞ்சு தர்றேன்."

"சாயங்காலம் வரைக்கும் எப்பிடிண்ணே இருக்குறது? வெரசா வேணும்."

"அப்ப ஒன் இஷ்டம்."

எங்கள் குடும்பத்தில் மெத்தையானாலும் தலையணையானாலும் காதுவலியானாலும் இலவம்பஞ்சுதான். சத்தத்தை அமுக்க அதைவிட மெத்தென்ற பொருள் உலகில் உண்டா? குழாய்க்குள் திணித்தேன். நெருப்பு கக்கும் என்ஜினுக்குப் பஞ்சு வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. (பள்ளியிறுதி வரை படித்தவன் நான்.)

வியாழக்கிழமை, பங்குனி வெயிலில், மாமாவின் களம். ஓரத்தில் வலைபோட்டு மூடிய பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது. விமானத்தைப் பிடித்து விட ஆள் வேண்டும். வேலுத்தாய் வந்தாள்.

"வெடிக்காதுல்ல மச்சான்?"

"பேசாம விடு."

விட்டாள். சத்தம் பாதிதான். முதல் சுற்றில் மாமா சிரிப்பது தெரிந்தது. அடுத்த சுற்றில் விமானத்தின் பின்னால் சின்னச் சின்னப் பஞ்சுத் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி. அதற்கடுத்த சுற்றில் மாமாவின் தோளில் துண்டு இல்லை. அதற்கும் அடுத்ததில், துண்டால் அவர் வலையை அடித்துக்கொண்டிருந்தார், வலையிலிருந்து புகை.

"நிறுத்துடா!"

"எண்ணெ தீரணும் மாமா!"

எண்ணெய் தீரும்வரை கம்பியை விட முடியாது. விட்டால் விமானம் அப்படியே பஞ்சுக்குள் போய் விழும். ஆகவே களம் பற்றி எரிவதைச் சுற்றுக்கு ஒருமுறை, துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அவமானமாக நான் அழுததில்லை. சுற்றிக்கொண்டே அழுதேன். எட்டாவது சுற்றோ என்னவோ, வேலுத்தாய் எருமைக்கு வைத்திருந்த கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியது தெரிந்தது. அடுத்த சுற்றில் புகை இல்லை. விமானம் இறங்கியதும், தலைசுற்றி விழுந்த என்மேலும் மிச்சக் கழுநீரை ஊற்றினாள்.

எரிந்தது ஓர் ஓரம்தான். மாமா கருகிய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம் சொல்லியனுப்பினார்: "சிலமலைக்காரங்கள வர வேணாம்னுட்டேன். இவன ஒத்தையில விட்டா ஊரக் கொளுத்திப்புடுவான். ஒரு ஆளு கூடவே இருக்கணும். வைகாசியிலயே முடிச்சிருவோம்."

இன்றும் எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், நான் தொண்டையைச் செருமுவதற்குள் வேலுத்தாய் முந்திக்கொள்வாள்.

"காதலா, சொந்தமா? ரெண்டும் இல்ல. எங்கப்பா என்னய இவருக்குத் தீயணைக்கிற சோலிக்குத்தான் சேத்துவிட்டாரு."