முள்ளா, எலும்பா?

“அத்தா, முதுகெலும்பு கீற உயிர வெச்சு சோதனை பண்ணா போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்களாம்,” என்றாள் நவ்ரீன்.

கல்மண்டபத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் மதார் சாகிப் பதறிப்போனார். கண்காட்சிக் கூடத்தில் மகளின் மேசை மேல், காலையில் அவரே சுமந்து வந்த தொட்டியில், கெண்டை மீன்கள் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன. பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஜெயித்தால் மாவட்டப் போட்டி. ஒன்பதாவது படிக்கும் பெண் அதற்காக எவ்வளவு ஏங்கினாள் என்பது அவருக்குத் தெரியும்.

“மீனுக்கு ஏதும்மா எலும்பு? முள்ளுதானே கீது?”

“அந்த நடுமுள்ளுதான் அத்தா முதுகெலும்பு.”

இத்தனை வருஷம் முள் என்று நம்பித் துப்பியதெல்லாம் எலும்பா! மனிதர் இடிந்துபோனார். நவ்ரீன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பெண்ணுக்கு நம் மேல் எவ்வளவு பாசம் என்று அந்தப் பதற்றத்திலும் உருகினார்.

தொட்டியோடு பள்ளி வாசலுக்கு ஓடினார். அங்கே ரமாபாய் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

“முதுகெலும்பு இல்லாததா ஒண்ணு குடு.”

“நண்டு கீது பாய். கெண்டைய வுட்டுட்டுப் போ.”

அநியாயம்தான். ஆனால் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழகாதவர். தலையாட்டினார்.

நண்டு மேசைக்கு வந்த கையோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, பக்கத்து மேசையில் ஜோபின் செய்து வைத்திருந்த எரிமலை மேல் ஏறியது. ஜோபின் நாற்காலி மேல் ஏறினான்.

“கடிக்கிற பிராணியும் கூடாதாம் அத்தா.” மறுபடி மணிக்கட்டு, மறுபடி கடிகாரம்.

மறுபடி ரமாபாய். “உயிரே இல்லாததா குடும்மா.”

விற்காமல் கிடந்த கருவாட்டை அவர் தலையில் கட்டினாள். கொண்டுவந்து வைத்த பிறகுதான் அதிலும் நடுமுள் இருப்பது உறைத்தது. மேசைக்கடியில் குந்தி ஒவ்வொன்றாக முள்ளை உருவத் தொடங்கினார். நாற்றத்தில் பாதிக் கூட்டம் வெளியேறியது.

பாதுகாப்பு விதிகளைச் சரிபார்க்கும் சுகிர்தம் மிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். “சார், இன்னா பண்றீங்க?”

“முள்ளு எல்லாத்தையும் எடுத்துட்டேன் மிஸ். பொண்ணத் தூக்கிடாதீங்க.” அழுதேவிட்டார்.

நவ்ரீன் குறுக்கே வந்தாள். “மீனெல்லாம் சும்மா மிஸ். பயந்தா நாடி எவ்ளோ எகிறும்ன்றதுதான் என் சோதனை. அத்தா மேலதான் பண்ணேன்.”

மதார் சாகிப் கருவாடும் கையுமாக வாயைப் பிளந்தார். மிஸ்ஸின் முகம் இறுகியது.

“மனுஷனுக்கும் முதுகெலும்பு உண்டே நவ்ரீன். அவர்கிட்ட கேக்காம வேற பண்ணியிருக்க. போட்டியில சேத்துக்க முடியாது.”

சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் வந்து நின்ற மதார் சாகிப்பின் மனைவி கௌசர் நிதானமாகச் சொன்னாள்:

“தாராளமா சேத்துக்கோங்க மிஸ். இவரோட குடித்தனம் பண்றவ சொல்றேன், இவருக்கு முதுகெலும்பே கெடையாது.”